பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: டீம் தோத்தா ஒருத்தர் தலையை மட்டும் உருட்டுவது ஏன்?

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, மலையில் விளையும் ஏலக்காய். இன்னொன்று, அந்தக் காய்க்கு விலை வைக்கும் ஏலம். இரண்டையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஊர் இது. விளைச்சல் குறைந்தால் அதற்கு ஒரே ஒரு ஆளைக் கை காட்ட முடியாது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மழை தவறியிருக்கலாம். வெயில் வாட்டியிருக்கலாம். பூச்சி விழுந்திருக்கலாம். பூ பூத்த நேரத்தில் தேனீ வராமல் போயிருக்கலாம். ஆள் கிடைக்காமல் பறிப்பு பத்து நாள் தள்ளிப் போயிருக்கலாம்.

ஆனால், ராத்திரி ஏழரை மணிக்கு ஐபிஎல் மேட்ச் ஆரம்பித்துவிட்டால் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. டீம் தோத்தால் காரணம் ஒரே ஒரு ஆள்தான். "அவன் ஒருத்தனாலதான்டா போச்சு" என்று தீர்ப்பு எழுதி, மீம் போட்டு, ஸ்டேட்டஸ் வைத்து, அந்த வீரரின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கே போய்த் திட்டிவிட்டு வந்தால்தான் பலருக்குத் தூக்கம் வருகிறது.

போடிக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை இது. சென்னை, மும்பை தொடங்கி அமெரிக்காவின் பேஸ்பால் மைதானங்கள் வரைக்கும் இதே கதைதான். தனி ஒரு வீரரைக் குறிவைத்துத் திட்டுவது இரக்கம் இல்லாத செயல் என்பதோடு விஷயம் முடிவதில்லை. அது ஆட்டத்தையே தப்பாகப் படிப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, நிஜமாகவே பதில் சொல்ல வேண்டியவர்களை நைஸாகத் தப்ப விடுவது.

2025-ல் சென்னைக்கு என்ன ஆச்சு?

ஐந்து முறை கோப்பை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸ், 2025 சீசனில் 14 மேட்ச் ஆடி 4-ல்தான் ஜெயித்தது. பாயின்ட்ஸ் டேபிளில் பத்தாவது இடம். ஐபிஎல் வரலாற்றில் சென்னை கடைசி இடத்தில் முடித்தது அதுவே முதல் முறை. கோட்டை என்று பெயர் வாங்கிய சேப்பாக்கத்தில் 6 மேட்ச் ஆடி, மும்பையை வென்ற முதல் ஆட்டத்தைத் தவிர மற்ற ஐந்தையும் வரிசையாகத் தோற்றது. 2008-க்குப் பிறகு பெங்களூரு அங்கே சென்னையை ஜெயித்ததும், ஹைதராபாத் அங்கே முதல்முறையாகச் சென்னையை ஜெயித்ததும் அந்த சீசனில்தான்.

யார் தலை உருண்டது? முதலில் தோனி. பெங்களூருவுக்கு எதிராக 197 ரன் துரத்திய மேட்ச்சில் அவர் ஒன்பதாவது ஆளாக இறங்கியதை வைத்து ஒரு வாரம் மீம் ஓடியது. அடுத்து விஜய் சங்கர். டெல்லிக்கு எதிராக 54 பந்தில் 69 ரன் எடுத்துக் கடைசி வரை நின்றும், டீம் 25 ரன்னில் தோற்றதால் அவர்தான் வில்லன். பிறகு அஸ்வின். 9 மேட்ச்சில் 7 விக்கெட். "இவருக்கு எதுக்கு இவ்ளோ காசு?" என்ற கேள்வி சீசன் முடியும்வரை அவரைத் துரத்தியது.

இப்போது மலைத்தோட்டக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிவால் ஐந்து மேட்ச்சோடு வெளியேறினார். ஓப்பனிங் ஜோடி சீசன் முழுக்க மாறிக்கொண்டே இருந்தது. பவர்பிளேயில் ரன் வரவில்லை. சேப்பாக்கம் பிட்ச் எப்படி நடந்துகொள்ளும் என்பதை சொந்த ஊர் டீமாலேயே கணிக்க முடியவில்லை என்று கோச் ஸ்டீபன் ஃப்ளெமிங் வெளிப்படையாகச் சொன்னார். தோனியின் முழங்கால் பத்து ஓவர் முழுவேகத்தில் ஓடி ஆடத் தாங்காது என்று சொன்னவரும் அவரே. வீரர்கள் ஏலத்தில் தாங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

இதில் எந்தக் காரணம் அஸ்வினால் வந்தது? எது விஜய் சங்கரால் வந்தது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே சீசனில் அதே டீமில் நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். தொடரிலேயே அவரைவிட அதிகம் எடுத்தவர் ஒரே ஒருவர்தான். அப்படிப்பட்ட பவுலர் இருந்தும் டீம் கடைசி இடம். ஒருத்தர் பிரமாதமாக ஆடியும் ஒரு டீமைத் தூக்கி நிறுத்த முடியவில்லை என்றால், ஒருத்தர் சுமாராக ஆடியதால் மட்டும் ஒரு டீம் எப்படிக் கவிழும்?

விலைச்சீட்டை மாட்டியது யார்?

"ஒன்பதே முக்கால் கோடி வாங்கினாரே" என்பதுதான் அஸ்வின் மேல் வைக்கப்பட்ட பெரிய குற்றச்சாட்டு. 2025-ல் ரிஷப் பந்த் இதைவிட மோசமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய விலை 27 கோடி, ஐபிஎல் வரலாற்றிலேயே அதிகம். லக்னோ ஏழாவது இடத்தில் முடித்தது. ஒவ்வொரு முறை அவுட் ஆகும்போதும் ஒரு ரன்னுக்கு எத்தனை லட்சம் என்று கணக்குப் போட்டு வறுத்தெடுத்தார்கள்.

ஏலம் எப்படி நடக்கும் என்று போடிக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் இது. மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் ஏலம் உண்டு. 2019 ஆகஸ்ட்டில் ஏலக்காய் அதிகபட்சமாகக் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சராசரி விலை 1,000-க்கும் கீழே இறங்கியது. 7,000-க்குப் போன காய் ஏழு மடங்கு மணமாக இருந்ததா? இல்லை. 2018 வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடி அழிந்து, சரக்கு குறைவாக இருந்தது. வாங்க வந்தவர்கள் போட்டி போட்டார்கள். விலை ஏறியது. காய்க்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

பந்த் விலையும் அப்படித்தான் ஏறியது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் லக்னோ கேட்ட விலை 20.75 கோடியில் நின்றது. பழைய டீமான டெல்லி, தனக்கு இருந்த உரிமையைப் பயன்படுத்தி அந்த விலைக்கு அவரைத் திரும்ப எடுக்கப் பார்த்தது. விதிப்படி லக்னோவுக்குக் கடைசியாக ஒருமுறை விலையை உயர்த்த வாய்ப்பு கிடைத்தது. ஒரே தாவில் 27 கோடி. கடைசி ஆறேகால் கோடி வந்தது பந்த் அடித்த சிக்ஸரால் இல்லை, இரண்டு முதலாளிகளின் போட்டியால். ஆனால் சீசன் முழுக்க அந்த விலைச்சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேட்டிங் செய்ய வந்தவர் அவர்தான்.

விலை தப்பு என்று நினைத்தால், கேட்க வேண்டியது விலை வைத்தவரிடம். சென்னை ஏலத்துக்குப் போகும் முன்பே 120 கோடியில் 65 கோடியை ஐந்து வீரர்களைத் தக்கவைக்கச் செலவழித்திருந்தது. மிச்சம் 55 கோடியில் மீதி டீமையே கட்ட வேண்டும். அது சரியான முடிவா, அதில் யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். "இவனுக்கு இவ்ளோ காசா" என்ற ஒரே வரியில் அந்தக் கேள்விகள் எல்லாம் காணாமல் போய்விடுகின்றன.

கடைசியாகக் கை வைத்தவர்

மலையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. காய் சுருங்கிப்போனாலோ நிறம் மங்கினாலோ முதல் திட்டு பறித்த பெண்களுக்குத்தான். முந்தல் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் நாள் கூலிக்குப் போகிறவர்கள் அவர்கள்.

ஏலக்காய் எல்லாம் ஒரே நாளில் முற்றாது. ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பறிக்கும் பக்குவத்தில் காயும் இருக்கும். அதனால்தான் சீசனில் பல சுற்றுப் பறிப்பு. சுற்றை எந்தத் தேதியில் வைப்பது, எத்தனை ஆள் இறக்குவது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கேட்பது என்பதெல்லாம் தோட்டக்காரர் முடிவு. ஸ்டோரில் எந்தச் சூட்டில் காய வைப்பது என்பதும் பறித்தவர் கையில் இல்லை. ஆனாலும், காயை விரலால் தொட்டவர் அவர்தானே. எனவே குற்றமும் அவர் தலையில்.

கிரிக்கெட்டும் இதே மாதிரி. கடைசியாகக் கை வைத்தவர் யாரோ, அவர்தான் குற்றவாளி. 

இதற்குத் தமிழ்நாட்டு ரசிகர்கள் மறக்கவே முடியாத உதாரணம் ஒன்று இருக்கிறது. 2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹஸ் கோப்பை ஃபைனல். பங்களாதேஷுக்கு எதிராக இந்தியாவுக்குத் தேவை 167. பதினெட்டாவது ஓவரில் முஸ்தபிசுர் ரஹ்மான் பந்தில் விஜய் சங்கருக்குத் தொடர்ந்து பேட்டில் படவே இல்லை. அந்த ஓவரில் வந்தது ஒரே ஒரு லெக் பை, போனது மனீஷ் பாண்டே விக்கெட். 12 பந்தில் 34 வேண்டும். அடுத்து வந்தார் தினேஷ் கார்த்திக். 8 பந்தில் 29. கடைசிப் பந்தில் சிக்ஸர். இந்தியா ஜெயித்தது.

டீம் ஜெயித்த மேட்ச் அது. அப்படியும் ஒரு வில்லன் தேவைப்பட்டார். 19 பந்தில் 17 ரன் எடுத்த விஜய் சங்கர். அந்தத் தொடரில்தான் அவர் இந்திய டி20 அணிக்கே அறிமுகமானார்.

அந்தக் கடைசி ஓவரைத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கடைசி ஓவரில் தேவை 12. நாலாவது பந்தில் ஒரு ஃபோர் போனது. அடித்தவர் விஜய் சங்கர். அடுத்த பந்தில் அவர் தூக்கி அடித்து கேட்ச் ஆவதற்குள் இரண்டு பேரும் ஓடிக் கடந்ததால்தான் கார்த்திக்குக் கடைசிப் பந்து கிடைத்தது. அப்போது தேவை 5. அந்த ஃபோர் இல்லையென்றால் கடைசிப் பந்து சிக்ஸரும் போதாது. கார்த்திக்கின் சிக்ஸர் ஒரு நாளும் மறக்காது, மறக்கவும் கூடாது. ஆனால் அந்த சிக்ஸருக்கு வழி விட்ட ஃபோர் யாருக்கும் நினைவில்லை. அதற்கு முன்பு தடவிய பந்துகள் மட்டும் நினைவிருக்கிறது.

ஒரு டி20 மேட்ச்சில் இரண்டு இன்னிங்ஸும் சேர்த்தால் 240 பந்து. அதில் கடைசி இருபதில் நடப்பதுதான் ரீல்ஸில் வருகிறது. பவர்பிளேயில் போன மேட்ச்சுக்கு ரீல்ஸ் கிடையாது.

பேர் பார்த்து வரும் பழி

பழி எல்லாருக்கும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. "ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி" என்பது கிரிக்கெட்டுக்கும் பொருந்தும்.

2021 அக்டோபர் 24, துபாய். டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தான் 152 ரன்னை ஒரு விக்கெட்கூட இழக்காமல் எடுத்தது. அதாவது, இந்தியாவின் எந்த பவுலருக்கும் விக்கெட் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே ரோஹித், ராகுல், கோலி மூன்று பேரையும் ஷாஹீன் அஃப்ரிடி தூக்கியிருந்தார். தோல்வியில் பதினொரு பேருக்கும் பங்கு இருந்த மேட்ச். ஆனால் அன்று ராத்திரி இன்ஸ்டாகிராமில் திட்டு விழுந்தது முகமது ஷமிக்கு. அதுவும் பந்து வீச்சுக்காக இல்லை, மதத்துக்காக. சில நாள் கழித்து பிரஸ் மீட்டில் கேப்டன் விராட் கோலி அதைக் கடுமையாகக் கண்டித்தார்.

2022 செப்டம்பர் 4, மறுபடியும் துபாய், ஆசியக் கோப்பை. பதினெட்டாவது ஓவரில் ஆசிஃப் அலியின் கேட்ச்சை அர்ஷ்தீப் சிங் விட்டார். சுலபமான கேட்ச்தான், விட்டது தப்புதான். ஆனால் அடுத்த ஓவரில் புவனேஷ்வர் குமார் 19 ரன் கொடுத்தார். கடைசி ஓவரில் 7 ரன்னை மட்டும் வைத்துக்கொண்டு, அதே ஆசிஃப் அலியின் விக்கெட்டையும் எடுத்து, மேட்ச்சை ஐந்தாவது பந்து வரை இழுத்தவர் அர்ஷ்தீப். அவருடைய விக்கிபீடியா பக்கத்தைத் திருத்தி, அவரைக் காலிஸ்தான் ஆள் என்று எழுதி வைத்தார்கள். மத்திய அரசே விக்கிபீடியாவிடம் விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. அன்று அவருக்கு வயது 23.

ஒரே தோல்வி. ஆனால் யாருடைய பெயரைப் பிடித்துத் தொங்குவது என்பதை ஸ்கோர்கார்டு முடிவு செய்வதில்லை. ஏற்கெனவே மனதுக்குள் இருக்கும் வெறுப்பு முடிவு செய்கிறது. கிரிக்கெட் அதற்கு ஒரு சாக்கு.

அதே ஆள், வேறு கோஷம்

2024 ஐபிஎல்லில் ஹர்திக் பாண்டியாவுக்கு நடந்தது தனி ரகம். ரோஹித் சர்மாவை மாற்றி அவரைக் கேப்டன் ஆக்கியது மும்பை இந்தியன்ஸ் நிர்வாகம். கூச்சல் விழுந்தது ஹர்திக்குக்கு. அகமதாபாத்தில் ஆரம்பித்தது, சொந்த மைதானமான வான்கடேயிலும் தொடர்ந்தது. டாஸ் போடும்போது வர்ணனையாளர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கூட்டத்தைப் பார்த்து ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது. மும்பை அந்த சீசனில் 14-ல் 4 ஜெயித்துப் பத்தாவது இடம். மறு வருஷம் சென்னை வாங்கிய அதே மார்க்.

ஜூன் 29, பார்படாஸ், டி20 உலகக் கோப்பை ஃபைனல். கடைசி ஓவரில் தென் ஆப்பிரிக்காவுக்குத் தேவை 16. பந்து ஹர்திக் கையில். முதல் பந்திலேயே மில்லர் தூக்கி அடிக்க, பவுண்டரி கோட்டில் சூர்யகுமார் யாதவ் அந்த கேட்ச்சைப் பிடித்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. ஜூலை 4 அன்று அதே வான்கடேயில் "ஹர்திக், ஹர்திக்" என்று கோஷம். அடுத்த சீசனில் அதே கேப்டனோடு மும்பை பிளே ஆஃப் போனது.

சில மாசத்துக்குள் ஒரு மனுஷன் அவ்வளவு மாறிவிடுவாரா? மாறியது ரிசல்ட். சூர்யகுமாரின் கால் கோட்டில் பட்டிருந்தால் கோஷமும் வேறாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இந்தக் கதைகளை "பார், எப்படித் திரும்பி வந்தான்" என்று முடிப்பது எல்லாருக்கும் பிடிக்கும். ஷமி 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட் எடுத்தார். அர்ஷ்தீப் 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்தார். நல்ல விஷயம்தான். ஆனால் திரும்பி வந்ததால்தான் அவர்கள் நிரபராதி என்று ஆகிவிடக் கூடாது. விஜய் சங்கர் 2019 உலகக் கோப்பையில் வீசிய முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தார். கொஞ்ச நாளில் கால்விரலில் அடிபட்டு வெளியேறியவர், அதற்குப் பிறகு இந்தியாவுக்கு ஆடவே இல்லை. அவருக்கு வான்கடே கோஷம் கிடைக்கவில்லை. அதற்காக 2018-ல் அவர் மேல் போட்ட பழி சரியாகிவிடுமா?

பேஸ்பாலிலும் இதே கதைதான்

1986 அக்டோபர் 25, அமெரிக்காவின் வேர்ல்டு சீரிஸ் ஆறாவது ஆட்டம். 1918-க்குப் பிறகு கோப்பையே பார்க்காத பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் கோப்பைக்கும் நடுவே இன்னும் ஒரே ஒரு அவுட்தான். தரையோடு உருண்டு வந்த பந்து பில் பக்னர் என்ற வீரரின் கால்களுக்கு நடுவே போய்விட்டது. நியூயார்க் மெட்ஸ் ஜெயித்தது. பக்னரின் பெயரே அமெரிக்காவில் தோல்விக்கு இன்னொரு பெயர் ஆகிவிட்டது.

அந்தப் பந்து வருவதற்கு முன்பே மற்றவர்களின் சொதப்பலால் ஸ்கோர் சமன் ஆகியிருந்தது. பக்னர் பந்தைப் பிடித்திருந்தாலும் அந்த இன்னிங்ஸ் மட்டும்தான் முடிந்திருக்கும். அதோடு, இன்னொரு மேட்ச் பாக்கி இருந்தது. ஏழாவது ஆட்டத்தில் 3-0 என்று முன்னிலை எடுத்துவிட்டு, 8-5 என்று தோற்றது டீம். அதை யாரும் பேசுவதில்லை. 2004-ல் பாஸ்டன் ஒருவழியாகக் கோப்பை வென்றது. 2008-ல் பக்னரை மைதானத்துக்கு அழைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். இடையில் போனது 22 வருஷம்.

கால்பந்தில் இதைவிடக் கொடூரம். 1994 உலகக் கோப்பையில் தெரியாமல் சொந்த கோல் போட்ட கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலம்பியா அதற்கு முந்தைய மேட்ச்சிலேயே ருமேனியாவிடம் 3-1 என்று தோற்றிருந்தது.

ஒரு முகம் ஏன் தேவைப்படுகிறது?

காரணம் ரொம்ப சாதாரணம். 'டாப் ஆர்டர் செட் ஆகல, பிட்ச் கணிப்பு தப்பு, ஏலத் திட்டம் சரியில்லை' என்று சொன்னால் கோபத்தை இறக்கிவைக்க இடம் இல்லை. கோபத்துக்கு ஒரு முகம் வேண்டும். கேமராவும் குளோசப்பில் ஒரு முகத்தைத்தான் காட்டுகிறது. சூழ்நிலையை விட்டுவிட்டு ஆளைக் குறை சொல்லும் இந்தப் பழக்கத்தைப் பற்றி உளவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். முடிவு மோசம் என்றால் எடுத்த முடிவும் மோசம் என்று நினைப்பதும் அதன் கூடவே வரும் பழக்கம்.

சென்னை ரசிகர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். ஒரு ஆளைக் கடவுள் ஆக்கிவிட்டால், இன்னொரு ஆளைப் பலி கொடுத்தே ஆக வேண்டும். தான் மேலே இறங்கினால் தான் அவுட் ஆகத்தான் கூட்டம் காத்திருக்கும் என்று 2023-ல் ரவீந்திர ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். சொந்த டீம் விக்கெட் விழும்போது சொந்த ரசிகர்களே கைதட்டும் மைதானத்தில், தோல்விக்கு அந்த பேட்ஸ்மேனைத் திட்டுவதில் என்ன நியாயம்?

இந்த ஏற்பாட்டில் லாபம் யாருக்கு? முடிவு எடுத்தவர்களுக்கு. ஊரே ஒரு வீரரைத் துரத்திக்கொண்டு இருக்கும் வரை டீம் ஓனரிடமோ தேர்வாளரிடமோ யாரும் கணக்குக் கேட்பதில்லை. அடுத்த ஏலத்தில் அந்த வீரரைக் கழற்றிவிட்டால் போதும், பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடும்.

போடியில் இருந்து ராத்திரி ரயில் ஏறிச் சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இது கிரிக்கெட்டோடு முடிகிற விஷயம் இல்லை. ஆப் கிராஷ் ஆனால் 'டெஸ்டர் யாரு?' என்றுதான் முதல் கேள்வி வரும். மூன்று வாரத்து வேலையை எட்டு நாளில் முடிக்கச் சொன்னது யார் என்ற கேள்வி மீட்டிங்கில் வராது. கடைசியாகக் கை வைத்தவர் மேல் பழி விழும்போது எப்படி இருக்கும் என்று பகலெல்லாம் அனுபவித்துவிட்டு, ராத்திரி அதையே இன்னொருத்தருக்குச் செய்வது விநோதம்தான்.

அப்ப விமர்சனமே பண்ணக் கூடாதா?

தாராளமாகப் பண்ணலாம். "டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம், அவய்ங்க கோடி கோடியா வாங்குறாய்ங்க, கேட்கக்கூட உரிமை இல்லையா?" என்பது நியாயமான வாதம். விட்ட கேட்ச் விட்ட கேட்ச்தான். ஷார்ட் பாலுக்குத் திரும்பத் திரும்ப அவுட் ஆகும் பேட்ஸ்மேனைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். 2025-ல் தோனி 43 வயதில் எத்தனாவது இடத்தில் இறங்கியிருக்க வேண்டும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் ரசிகராக இருப்பதில் சுவாரசியமே இல்லை.

வித்தியாசம் ஒன்றுதான். 'அந்த ஓவரில் அவர் யார்க்கர் போட்டிருக்கணும்' என்பது விமர்சனம். 'அவன் ஒருத்தனாலதான் போச்சு' என்பது பழி. முன்னதில் ஆட்டம் இருக்கிறது. பின்னதில் ஆள் மட்டும்தான்.

போஸ்ட் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: அவரை அந்த இடத்தில் நிறுத்தியது யார்? ஒன்பதாவது ஆளாக ஒருவர் இறங்கினாலும், ஃபார்மில் இல்லாதவர் தொடர்ந்து ஆடினாலும், அது தனி ஆள் முடிவாக இருக்காது. கேள்வி டீம் நிர்வாகத்துக்கும் போக வேண்டும்.

இரண்டு: அந்த ஒரு பந்தை நீக்கிவிட்டால் டீம் ஜெயித்திருக்குமா? சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன் எடுத்து, அதை 59 பந்து மீதம் இருக்கும்போதே இழந்த மேட்ச்சில், எந்த ஒரு பந்தைக் குறை சொல்ல முடியும்?

மூன்று: இதையே அந்த ஆளின் அப்பா அம்மா எதிரில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது விமர்சனம். முடியாது என்றால் அது வேறு ஏதோ.

2025 சீசனில் சென்னை கடைசி மேட்ச்சில் 230 ரன் குவித்து, குஜராத்தை 83 ரன்னில் வென்றது. அப்போது டாப் ஆர்டரில் ஆடியவர்களில் ஆயுஷ் மாத்ரேவுக்கு வயது 17. அப்படி ஒரு பையன் நாளைக்குச் சேப்பாக்கத்தில் ஒரு கேட்ச்சை விடத்தான் போகிறான். 240 பந்தில் ஒன்று. அன்று ராத்திரி அவன் போனைத் திறந்தால் அதில் என்ன இருக்கும் என்பதை அவனோ, கோச்சோ, டீம் ஓனரோ முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்வது மேட்ச் முடிந்ததும் டைப் பண்ண ஆரம்பிக்கும் லட்சக்கணக்கான விரல்கள்.